குருதிப் புற்றுநோயும் உணவுக்கால்வாயும்: நோய் நிர்ணயத்தின் வரலாறு

உடலின் பகுதிகளுள் ஓரிடத்தே நில்லாது எங்கும் உலவுவது குருதி ஒன்றேயாகும். பிற உறுப்புகளிற் புற்றுநோய் தோன்றுமாயின், அது பெரும்பாலும் முதலில் ஓரிடத்திற் கட்டியாகத் திரண்டு, பின்னரே ஏனைய இடங்களுக்குப் பரவும். குருதியை ஆக்கும் கலங்களிலே தோன்றும் புற்றுநோயோ தொடக்கந்தொட்டே நடமாடும் இயல்பினது. அது என்புமச்சையை நிரப்பும். மண்ணீரலையும் ஈரலையும் பெருக்கச் செய்யும். தோலிலும் மூளையின் உறையிலும் குடியேறும். அவ்வாறு அது சென்று தங்கும் இடங்களுள் உணவுக்கால்வாயும் ஒன்றாகும். அங்கே அதனை இனங்காண்பது வைத்தியர்க்கு என்றும் எளிதாக இருந்ததில்லை.

குருதிப் புற்றுநோய் எனப் பொதுவாக வழங்குவது ஒரு நோயன்று, ஒரு குடும்பம். குருதியிலும் என்புமச்சையிலும் வெண்குழியங்கள் கட்டின்றிப் பெருகுவது லியூக்கேமியா எனப்படும். நிணநீர்க்கணுக்களிலும் அவற்றையொத்த இழையங்களிலும் கட்டியாகத் திரள்வது லிம்போமா எனப்படும். இவ்விரண்டிற்கும் இடையே மதிற்சுவர் எதுவும் இல்லை. ஒன்று மற்றொன்றின் உருவை மேற்கொள்வதும் உண்டு. உணவுக்கால்வாயோ நிணநீரிழையம் மிகுந்த ஓர் உறுப்பு. சிறுகுடலின் சுவரிலே காணப்படும் நிணநீரிழையத் திட்டுகளைச் சுவிற்சலாந்து நாட்டு வைத்தியரான பேயர் 1677 ஆம் ஆண்டிலேயே விரித்துரைத்தார். ஆகவே இந்நோய் வெளியிலிருந்து வந்து குடலிற் பரவுதலும் கூடும். குடலின் நிணநீரிழையத்திலேயே பிறந்து பின் வெளியே பரவுதலும் கூடும்.

இடர்ப்பாடு யாதெனில், குடல் தன் துன்பத்தைக் கூறும் மொழி மிகச் சுருங்கியது என்பதே. பசியின்மை, வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம், கருமலம், உடல் மெலிவு என்னும் சில குறிகளைக் கொண்டே அது எல்லா நோய்களையும் அறிவிக்கின்றது. இரைப்பைப் புண்ணுக்கும், குடற் சயரோகத்துக்கும், சாதாரண அழற்சிக்கும், குருதிப் புற்றுநோய்க்கும் அக்குறிகள் பொதுவானவை. அப்பொதுவான குறிகளுக்குப் பின்னால் மறைந்திருந்த நோயை வேறுபிரித்தறிய மருத்துவ உலகம் ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் உழைத்தது. அவ்வுழைப்பின் வரலாறு, கருவிகளின் வரலாறாகவும், கருவி காட்டியதைச் சரிவரப் பொருள்கொண்ட சிந்தனையின் வரலாறாகவும் விளங்குகின்றது.

சீழா, குருதியா?

இலண்டன் மாநகரிலே கைஸ் வைத்தியசாலையின் நூதனசாலைப் பொறுப்பாளராக விளங்கிய தோமஸ் ஹொட்கின், நிணநீர்க்கணுக்களும் மண்ணீரலும் ஒருங்கே பெருத்து மாண்ட சிலரின் உடல்களை ஆராய்ந்து 1832 இல் ஒரு கட்டுரை வாசித்தார். அக்காலத்தில் அதனைப் பொருட்படுத்தினோர் சிலரே. 1865 இல் சாமுவேல் வில்க்ஸ் என்பார் அந்நோய்க்கு ஹொட்கினின் பெயரைச் சூட்டிய பின்னரே அது நிலைபெற்றது. ஹொட்கின் கண்டவை கண்ணாற் கண்டவை. நுணுக்குக்காட்டியின் துணையை அவர் நாடவில்லை.

1845 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனிச்சிறப்பு வாய்ந்தது. அவ்வாண்டின் ஒக்டோபர் மாதத்தில் எடின்பரோ நகரின் ஜோன் ஹியூஸ் பெனற் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். இருபத்தெட்டு வயதினரான அந்நோயாளி, கூரைக்கு ஓடு வேயும் தொழிலாளி. அவருடைய மண்ணீரல் வயிற்றை நிரப்பும் அளவிற்குப் பெருத்திருந்தது. இறந்தபின் ஆராய்ந்தபோது, குருதி சீழை ஒத்துக் காணப்பட்டது. ஆகவே பெனற், உடலின் எப்பகுதியிலும் அழற்சியின்றியே குருதி சீழ்கட்டியது என முடிவு செய்தார்.

அடுத்த மாதத்திலேயே பேர்லின் நகரின் சாரிற்றே வைத்தியசாலையில் பணிபுரிந்த ருடோல்ப் விர்க்கோ இதே போன்ற ஒரு நிகழ்ச்சியை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்துநான்கு. அவர் ஆராய்ந்த நோயாளி ஐம்பது வயதுடைய ஒரு சமையற்காரி. குருதிக்கலன்களிலே மஞ்சள் கலந்த வெண்ணிறப் பொருள் நிறைந்திருந்ததை அவரும் கண்டார். ஆயினும் அதனைச் சீழ் என்று அவர் கொள்ளவில்லை. சீழ் உண்டாவதற்கு ஓர் ஊற்று வேண்டும். அத்தகைய ஊற்று எதுவும் அவ்வுடலில் இல்லை. எல்லார் குருதியிலும் உள்ள நிறமற்ற குழியங்களே அளவுக்கு மீறிப் பெருகி, செங்குழியங்கள் அருகிவிட்டன என்பது அவருடைய முடிவு. விளக்கம் உறுதிப்படுமுன் பெயரால் முடிவுகட்ட விரும்பாதவராய், கண்டதை மட்டும் கூறும் வகையில் 'வெண்குருதி' என்றே தம் கட்டுரைக்குப் பெயரிட்டார். 1847 இல் அதனையே கிரேக்கச் சொல்லாக்கி லியூக்கேமியா என வழங்கினார். பெனற் பின்னர் வேறொரு பெயரை முன்மொழிந்தாராயினும் விர்க்கோவின் பெயரே நிலைத்தது.

யார் முதலிற் கண்டார் என்னும் வழக்கு அவ்விருவரிடையே நெடுங்காலம் நிலவியது. வரலாற்று நோக்கில் அதனினும் முக்கியமானது வேறொன்று. இருவரும் கண்ட காட்சி ஒன்றே. கொண்ட பொருள் வேறு. ஒருவர் நோக்கில் அது குருதி சீழ்கட்டியதன் விளைவு. மற்றவர் நோக்கில் அது குருதியின் தனிநோய். இப்பிணக்கு இரு நோயாளிகளும் மாண்டபின் எழுந்தது. உயிரோடிருக்கும் ஒருவரின் குருதியை நுணுக்குக்காட்டியிற் கண்டு நோயைக் கூறும் செயலை, இலண்டனில் ஹென்றி புல்லர் 1846 இல் நிகழ்த்தினார். நோயறிதல் பிரேத அறையிலிருந்து நோயாளியின் படுக்கைக்கு வந்த நாள் அதுவே.

என்புமச்சையும் சாயமும்

பெருகிய வெண்குழியங்கள் எங்கிருந்து வந்தன? மண்ணீரலிலிருந்தும் நிணநீர்க்கணுக்களிலிருந்தும் வந்தன என்பது விர்க்கோவின் கருத்து. ஏர்ன்ஸ்ற் நொய்மான் என்னும் ஜேர்மானிய அறிஞர், குருதி பிறக்குமிடம் என்புமச்சையே என 1868 இற் காட்டி, லியூக்கேமியாவில் அம்மச்சையே மாறுபடுவதை 1870 இல் எடுத்துரைத்தார். பத்தாண்டு கழியுமுன், மாணவப் பருவத்திலிருந்தே சாயங்களில் ஈடுபாடு கொண்ட போல் ஏர்லிக், குருதிக் குழியங்களைச் சாயமூட்டி அவற்றை வகைப்படுத்தும் முறையை 1879 முதல் வகுத்தளித்தார். அதுகாறும் 'நிறமற்றவை' எனப்பட்ட குழியங்கள் தத்தம் நிறங்களாற் பிரிந்து நின்றன. 1889 இல் வில்கெல்ம் எப்ஸ்ரைன், சில கிழமைகளிலேயே உயிரைக் கொள்ளும் கடுநோய் வகையை நாட்பட்ட வகையினின்றும் பிரித்துக் கூறினார்.

கட்டியாகத் திரளும் வகைகளும் இக்காலத்திலேயே பெயர்பெற்றன. வியன்னா நகரின் அறுவை வைத்தியரான தியோடோர் பில்றொத் 1871 இல் கொடிய லிம்போமா என்னும் தொடரை வழங்கினார். இரைப்பையிற் புற்று வந்த பகுதியை வெற்றிகரமாக அறுத்து நீக்கிய முதல்வரும் அவரே. அது நிகழ்ந்தது 1881 இல். அதே நகரின் குண்ட்ராற் 1893 இல், குருதியில் மாற்றமின்றியே நிணநீரிழையங்களில் தொடர்ந்து பரவும் புற்றை லியூக்கேமியாவினின்றும் வேறாகக் காட்டினார். குருதி தெளிவாக இருந்தும் இந்நோய் இருத்தல் கூடும் என்னும் உண்மை அதனால் வலுப்பெற்றது. குடல்நோயை ஆராய்வோர் குருதித்துளியை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது என்னும் எச்சரிக்கை அவ்வுண்மையிலே அடங்கியிருந்தது.

உள்ளே காணும் கண்

குருதியை ஒரு துளி எடுத்துப் பார்த்தல் எளிது. குடலின் உட்புறத்தைப் பார்ப்பது எங்ஙனம்? 1868 இல் ஜேர்மனியைச் சேர்ந்த அடோல்ப் குஸ்மவுல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் உதவியுடன், நேரான உலோகக் குழாயை இரைப்பைக்குட் செலுத்தினார். குழாய் சென்றது, போதிய ஒளி செல்லவில்லை.

ஒளியினும் வலிய கதிர் 1895 நவம்பரிற் கிடைத்தது. றொன்ற்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த மறு ஆண்டிலேயே, ஹார்வார்ட் மருத்துவ மாணவராயிருந்த வோல்ற்றர் கனன், விலங்குகளுக்குப் பிஸ்மத் உப்புக் கலந்த உணவூட்டி அது செல்லும் வழியைக் கதிரிற் கண்டார். மியூனிச் நகரின் ஹெர்மன் றீடர் 1904 இல் அம்முறையை மனிதர்க்குப் பயன்படுத்தினார். 1910 அளவில் பிஸ்மத்தின் இடத்தைப் பேரியம் சல்பேற்று பெற்றது. இவற்றின் பயனாக, இரைப்பை மடிப்புகளின் தடிப்பும், சுவரிற் புடைத்த கட்டியும், புண்ணின் பள்ளமும் நிழலுருவிற் புலப்பட்டன. ஆயினும் நிழல் நிழலே. தடித்த மடிப்பு லிம்போமாவாகவும் இருக்கலாம்; சாதாரண இரைப்பைப் புற்றாகவும் இருக்கலாம்; நாட்பட்ட அழற்சியாகவும் இருக்கலாம். நோயின் இருப்பிடத்தைக் காட்டிய கதிர், நோயின் குலத்தைக் காட்டவில்லை.

குலத்தை அறிய இழையம் வேண்டும். சோவியத் வைத்தியரான அரின்கின், மார்பெலும்பில் ஊசியைச் செலுத்தி என்புமச்சையை உறிஞ்சியெடுக்கும் எளிய முறையை 1920 களின் இறுதியில் வகுத்தார். 1932 இல் றுடோல்ப் ஷின்ட்லர் ஓரளவு வளையக்கூடிய இரைப்பைநோக்கியை ஆக்கினார். 1950 இல் ஜப்பானில் இரைப்பைக்குட் செலுத்தும் சிறு புகைப்படக் கருவி தோன்றியது. இலண்டனில் மார்கொற் ஷைனர் 1956 இலும், அமெரிக்காவில் குறொஸ்பியும் கூக்லரும் 1957 இலும், வயிற்றைக் கீறாமலே சிறுகுடலிலிருந்து சிறுதுண்டு இழையம் எடுக்கும் கருவிகளை அறிவித்தனர். அதே 1957 இல் பசில் ஹிர்ஷோவிற்ஸ் கண்ணாடி நார்க்கற்றைகளால் ஒளியை வளைத்துச் செலுத்தும் நோக்கியை ஆக்கி, முதலிற் தாமே அதனை விழுங்கிப் பரீட்சித்தார். குஸ்மவுலுக்குக் கிட்டாத ஒளி ஏறக்குறையத் தொண்ணூறாண்டுகளின் பின் வந்து சேர்ந்தது.

மருந்து பிறந்ததும் பொறுப்பு வளர்ந்ததும்

1948 வரை லியூக்கேமியாவை இனங்கண்டதனால் நோயாளி பெற்ற நன்மை சிறிதே. அவ்வாண்டில் பொஸ்ரன் நகரின் சிட்னி பார்பர், கடும் லியூக்கேமியா கொண்ட 16 குழந்தைகளுக்கு அமினொப்ரெரின் என்னும் மருந்தை வழங்கி, அவர்களுள் 10 பேரில் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை அறிவித்தார். அம்மருந்தை ஆக்கிய லேடர்லி ஆய்வுகூடத்தின் தலைமையில் இருந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற ஆந்திரரான யெல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. அன்று தொட்டு நோயின் சரியான பெயர், ஏட்டிற் பதியும் செய்தியாக மட்டுமன்றி, மருந்தைத் தெரிவுசெய்யும் ஆணையாகவும் மாறிற்று.

மருந்தினால் நோயாளிகள் நீண்டநாள் வாழ்ந்தனர். அதனால் குடலில் நேரும் மாற்றங்களும் விரிவாக ஆராயப்பட்டன. 1961 இல் கோர்ன்ஸ் என்பார், குடல் நெடுகிலும் எண்ணற்ற சிறு முளைகளாக லிம்போமா தோன்றும் தனிவகையை எடுத்துரைத்தார். 1964 இல் சிக்காகோவின் புறொல்லா, கேர்ஸ்னர் ஆகிய இருவரும் லியூக்கேமியாவால் உணவுக்கால்வாயில் நேரும் சிதைவுகளையும் சிக்கல்களையும் தொகுத்தெழுதினர். அத்தொகுப்பின் தலைப்பிலேயே சிதைவும் சிக்கலும் வேறுபிரிக்கப்பட்டமை பொருள் பொதிந்தது. ஏனெனில், லியூக்கேமியா நோயாளியின் மலத்திற் குருதி கண்டவுடன் புற்றுக் குடலிற் பரவிவிட்டது எனத் துணிதல் பிழையாகும். குருதிச் சிறுதட்டுகள் குறைந்தமையால் குருதி கசியலாம். வெண்குழியம் குன்றிய வேளையிற் பங்கசு தொற்றலாம். மருந்தே சீதமென்சவ்வைப் புண்ணாக்கலாம். நல்ல வெண்குழியங்கள் அற்றுப்போன நிலையிற் குருட்டுக்குடல் அழற்சியுற்று வீங்கி உயிருக்கு ஊறு விளைக்கும் நிலையும் உண்டு. குழந்தைகளில் நேரும் இந்நிலையை 1970 இல் வெளியான ஓர் ஆய்வு தனிப்பெயரால் விளக்கிற்று. இதனைப் புற்றின் பரவல் என மயங்கி மேலும் கடுமையான புற்றுமருந்தை ஊட்டினால் நேரும் கேட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

குடலிற் பிறந்த புற்று எது, வெளியிலிருந்து வந்து பரவிய புற்று எது என்னும் வினாவுக்கும் அதே காலத்தில் ஒழுங்கான விடை வகுக்கப்பட்டது. இலண்டனின் டோசன், கோர்ன்ஸ், மோர்சன் ஆகிய மூவரும் 1961 இல் ஐந்து விதிகளைக் கூறினர். கைக்குத் தென்படும் புறநிணநீர்க்கணுக்கள் பெருத்திருத்தலாகாது. மார்பின் கதிர்ப்படத்தில் நடுமார்புக் கணுக்கள் பெருத்துக் காணப்படலாகாது. வெண்குழியங்களின் தொகையும் வகையும் இயல்பாக இருத்தல் வேண்டும். வயிற்றைத் திறந்து பார்க்கையிற் குடலிலுள்ள கட்டியே முதன்மையாக நிற்க, அதனையடுத்த கணுக்கள் மட்டுமே தாக்குண்டிருத்தல் வேண்டும். ஈரலும் மண்ணீரலும் புற்றின்றி இருத்தல் வேண்டும். இவ்வைந்தும் பொருந்தினால் நோய் குடலிற் பிறந்தது. பொருந்தாவிடின் வெளியிலிருந்து பரவியதாகக் கருதற்பாலது. பிற்காலத்தில் இவ்விதிகள் தளர்த்தப்பட்டனவெனினும், முழு உடலையும் நோக்காது குடலை மட்டும் நோக்கி முடிவுகூறலாகாது என்னும் அவற்றின் உட்கருத்துத் தளரவில்லை.

மயக்கமும் அதன் விலையும்

நோய் நிர்ணயத்தில் நேரும் பிழைகளுள் இரண்டு சிறப்பாக ஆராயத்தக்கவை. முதலாவது, சயரோகம் மிகுந்த நாடுகளில் நேர்வது. சிறுகுடலின் இறுதியும் குருட்டுக்குடலும் சந்திக்கும் இடமே குடற் சயரோகம் விரும்பி உறையும் இடம்; லிம்போமாவும் அவ்விடத்தில் அடிக்கடி தோன்றுகின்றது. காய்ச்சல், மெலிவு, இரவு வியர்வை, வயிற்றிற் கட்டி ஆகியன இரண்டிற்கும் உரியன. லிம்போமாவைச் சயரோகமென எண்ணி மருந்தளித்தால் மாதங்கள் வீணே கழியும். சயரோகத்தை லிம்போமாவென எண்ணிப் புற்றுமருந்தளித்தால் உடலின் எதிர்ப்பாற்றல் ஒடுங்க, அடங்கிய கிருமி கட்டவிழ்ந்து பரவும். இரு பக்கத்திலும் உயிரே பணயம்.

இரண்டாவது, இழையம் எடுக்குமுன் மருந்து கொடுப்பதால் நேர்வது. குடலழற்சி எனக் கருதி ஸ்ரிறொயிட்டு மருந்துகள் வழங்கப்படும்போது, லிம்போமாவின் கலங்கள் பல அம்மருந்தினாலேயே அழிகின்றன. நோயாளி சில நாள் நலம்பெற்றவர் போலத் தோன்றுவார். பின்னர் எடுக்கும் இழையத்திலோ நோயின் அடையாளம் தெளிவாக இராது. மருந்து நோயைத் தீர்க்காமலே அதன் சாட்சியத்தை மட்டும் அழித்துவிடுகின்றது. ஆகவேதான், உடனடி ஆபத்து இல்லாதவிடத்து, இழையத்தை முதலிலும் மருந்தைப் பின்னரும் வைத்தல் என்னும் ஒழுங்கு வலியுறுத்தப்படுகின்றது.

கலத்தின் முகவரி

சாயமூட்டிய கலத்தின் வடிவத்தை மட்டும் நோக்கிக் குலத்தைக் கூறுவதில் எல்லை உண்டு. வடிவத்தில் ஒத்த இரு கலங்கள் பிறப்பிலும் நடத்தையிலும் வேறாக இருத்தல் கூடும். 1975 இல் கேம்பிறிட்ஜ் நகரிற் கோலரும் மில்ஸ்ரைனும், ஒரே இலக்கை மட்டும் பற்றும் பிறபொருளெதிரிகளை வேண்டிய அளவு ஆக்கும் முறையைக் கண்டனர். அதன் பொருட்டு 1984 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கலத்தின் மேற்பரப்பிலும் உள்ளும் உள்ள புரதங்களை இப்பிறபொருளெதிரிகள் தேடிப் பற்றும். எது பற்றியது, எது பற்றவில்லை என்பதைக் கொண்டு அக்கலத்தின் பிறப்பு அறியப்படும். அரிசியளவான குடல் இழையத்திலும் இச்சோதனை நிகழ்த்தல் சாலும்.

அதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஸ்கொத்லாந்து அறுவை வைத்தியரான அலன் பேர்ன்ஸ் 1811 இல் பச்சைநிறக் கட்டி ஒன்றை விவரித்தார். 1853 இல் கிங் என்பார் அந்நிறத்தினாலேயே அதற்குப் பெயரிட்டார். 1893 இல் ஜோர்ஜ் டொக் அதனை லியூக்கேமியாவோடு தொடர்புபடுத்தினார். என்புமச்சைக் கலங்கள் வெளியே குடியேறித் திரண்ட கட்டியே அஃது. மயெலோபெரொக்சிடேசு என்னும் நொதியமே அதன் பச்சைநிறத்துக்குக் காரணம். எல்லாக் கட்டிகளும் பச்சையாக இரா என்பதால் 1966 இல் றப்பப்போர்ட் வேறு பெயரை வழங்கினார். இக்கட்டி குடலிலும் தோன்றும். சிலவேளை குருதியில் நோய் புலப்படுவதற்கு மாதங்கள் முன்னரே தோன்றும். வடிவத்தை மட்டும் நோக்கிய காலத்தில் இது பன்முறை லிம்போமாவெனப் பிழைபடக் கூறப்பட்டது. அந்நொதியத்தைத் தேடிப் பற்றும் பிறபொருளெதிரி வந்தபின் அவ்வையம் பெரிதும் நீங்கிற்று. இரண்டிற்கும் சிகிச்சை வேறாதலால், பெயர் திருந்தியபோது சிகிச்சையும் திருந்தியது.

நிறமூர்த்தங்களும் சாட்சி கூறத் தொடங்கின. 1960 இல் பிலடெல்பியா நகரின் நொவெல், ஹங்கர்போர்ட் ஆகிய இருவரும் நாட்பட்ட லியூக்கேமியா ஒன்றிற் குறுகிய நிறமூர்த்தம் ஒன்றைக் கண்டனர். 1973 இல் ஜனெற் றௌலி, இரு நிறமூர்த்தங்கள் தம்முட் துண்டங்களை மாற்றிக்கொள்வதன் விளைவே அஃதென நிறுவினார். கோர்ன்ஸ் 1961 இற் கண்ட குடல் முளைகளுட் பெரும்பாலானவை, 1992 இல் மான்ரில்கல லிம்போமா எனப் பெயர்பெற்ற நோயைச் சேர்ந்தவை என்பதும், அந்நோயிலும் நிறமூர்த்த மாற்றத்தால் சைக்கிளின் டி-1 என்னும் புரதம் மிகுகின்றது என்பதும் பின்னர் அறியப்பட்டன. அந்நோய் கொண்டோரை 2003 இல் ஹூஸ்ரனில் ஆராய்ந்தோர், குடல்நோக்கியில் இயல்பாகத் தோன்றிய இடங்களிலும் இழையத்தை எடுத்தனர். உணவுக்கால்வாயின் கீழ்ப்பகுதியில் 88 சதவீதமானோரிடத்தும், மேற்பகுதியில் 43 சதவீதமானோரிடத்தும் நோய்க்கலங்கள் காணப்பட்டன. வயிற்றுக் குறிகள் இருந்தோரோ ஏறக்குறைய நாலில் ஒரு பகுதியினர் மட்டுமே. கண்ணுக்கு நலமாகத் தோன்றும் குடலும் நோயை மறைத்து வைத்திருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

காரணத்தைக் கண்டதனால் வந்த நலம்

நோயின் குலத்தை அறிந்தோர் அதன் காரணத்தையும் நாடினர். 1958 இல் டெனிஸ் பேர்கிற் உகண்டாவின் குழந்தைகளிடத்துத் தாடையிலும் வயிற்றிலும் விரைந்து வளரும் ஒரு புற்றை விவரித்தார். 1964 இல் எப்ஸ்ரைன், அச்சொங், பார் ஆகியோர் அக்கட்டியின் கலங்களில் ஒரு வைரசைக் கண்டனர். 1968 இல் பிரான்சு நாட்டுச் செலிக்மன் குழுவினர், சிறுகுடலைத் தாக்கும் மற்றொரு நிணநீரிழைய நோயிற் குறைபட்ட புரதம் ஒன்றை அறிந்தனர். அதன் தொடக்க நிலை சிலரிடத்து நுண்ணுயிர்கொல்லி மருந்துக்கே அடங்கியது.

1980 களில் அவுஸ்திரேலியாவின் வொறனும் மார்ஷலும் இரைப்பையிற் குடிகொண்டு அழற்சியையும் புண்ணையும் விளைக்கும் ஹெலிக்கோபக்ரர் என்னும் பற்றீரியாவைக் கண்டறிந்தனர். 2005 இல் நோபெல் பரிசு பெற்றனர். 1983 இல் ஐசாக்சனும் றைற்றும், சீதமென்சவ்வைச் சார்ந்த நிணநீரிழையத்திற் பிறக்கும் தனிவகை லிம்போமாவை விளக்கியிருந்தனர். இவ்விரு கண்டுபிடிப்புகளும் ஒன்றோடொன்று இணைந்தன. இரைப்பையில் இவ்வகை லிம்போமா கொண்டோரிற் பெரும்பாலோரிடத்து அப்பற்றீரியாவும் இருந்தமை 1991 இல் தெரியவந்தது. 1993 இல் ஆறு நோயாளிகளுக்கு அப்பற்றீரியாவை ஒழிக்கும் மருந்து மட்டும் அளிக்கப்பட்டபோது, ஐவரின் லிம்போமா பின்வாங்கியது. அறுவையாலும் கதிராலும் நீக்க முயன்ற புற்று, தொடக்க நிலையிற் சாதாரண நுண்ணுயிர்கொல்லி மருந்துக்குப் பணிந்தமை மருத்துவ வரலாற்றின் வியத்தகு நிகழ்ச்சிகளுள் ஒன்றாகும். ஆயினும் இந்நலம் யாவர்க்கும் உரியதன்று. அதே இரைப்பையில் விரைந்து வளரும் வேறு லிம்போமாவும், வெளியிலிருந்து பரவிய லியூக்கேமியாவும் தோன்றுவன. அவற்றுக்கு இம்மருந்து மட்டும் போதாது.

இன்றைய ஒழுங்கு

இந்நெடுவரலாற்றின் படிகள் யாவும் இன்றைய நோய் நிர்ணயத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. குருதித்துளி முதலிற் சாயமூட்டி நோக்கப்படுகின்றது. அது விர்க்கோவும் ஏர்லிக்கும் விட்டுச்சென்ற வழி. என்புமச்சை உறிஞ்சப்படுகின்றது, அது நொய்மானும் அரின்கினும் காட்டிய வழி. 1971 இல் ஹௌன்ஸ்பீல்டின் கருவியால் முதன்முதல் நோயாளியை நோக்கிய கணினிக் குறுக்குவெட்டுப் படம், குடற்சுவரின் தடிப்பையும் கணுக்களின் பெருக்கத்தையும் காட்டுகின்றது. நோக்கியால் இரைப்பையும் பெருங்குடலும் நேரிற் காணப்படுகின்றன. எட்டாதிருந்த நடுச்சிறுகுடலை, 2000 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட விழுங்கும் புகைப்படக் குளிகையும், அடுத்த ஆண்டில் ஜப்பானில் அறிவிக்கப்பட்ட இருபலூன் நோக்கியும் எட்டச் செய்தன. இழையம் எடுக்கப்பட்டு, பிறபொருளெதிரிகளாலும் நிறமூர்த்தச் சோதனையாலும் அதன் குலம் அறியப்படுகின்றது. நோய் எத்துணைப் பரவியது என்பதை அளக்க 1994 இல் லுகானோ வகுப்பு வெளியாயிற்று.

இக்கருவிகள் மலிந்த காலத்திலும் வைத்தியரின் நிதானத்துக்கு வேலை உண்டு. சிறுதட்டுகள் மிகக் குறைந்த நோயாளியின் குடலிலிருந்து இழையம் எடுத்தால் குருதிப்பெருக்கு நேரலாம். குருட்டுக்குடல் அழன்று மெலிந்திருக்கையில் நோக்கியைச் செலுத்தினால் அது பொத்தலாகலாம். அத்தகைய வேளையில் நோக்கியைத் தவிர்த்துப் படத்தினாலேயே நிலைமையை அறிதல் முறை. அறியும் முயற்சியே நோயாளிக்குத் தீங்காகுமாயின், காத்திருத்தலும் அறிவின் ஒரு பகுதியாகும்.

1845 இல் ஒரே வெண்மையைக் கண்ட இருவருள் ஒருவர் தாம் முன்னரே அறிந்த பெயரை அதற்குச் சூட்டினார். மற்றவர் அப்பெயர் பொருந்துமா என வினவினார். அன்று அவ்வினாவால் எந்நோயாளியும் பிழைக்கவில்லை. ஆனால் வெண்குருதி நோயென ஒன்று உண்டு என அறிந்திராவிடின், அதன் குலங்கள் பிரிந்திரா. குலங்கள் பிரிந்திராவிடின், 1948 இன் மருந்தும் 1993 இன் மருந்தும் எவரை நாடிச் செல்வதென அறிந்திரா. இன்று வயிற்றுவலியோடு வைத்தியசாலையின் வாயிலில் நிற்கும் ஒருவர்க்குச் சரியான பெயரும் அதற்குரிய மருந்தும் கிடைப்பது, கண்டதற்கும் கருதியதற்கும் இடையே உள்ள வேற்றுமையைப் போற்றிய அம்மரபின் பயனே என்க.